காதோரம் ஒரு நீலக் கோடு

அத்தியாயம் 5

அந்த அறைக்கு மூலையே கிடையாது.

சுவர் இறங்கி வந்து, எங்கே முடிகிறது என்று சொல்லாமல் வளைந்து தரையாகிவிடுகிறது. சுவரும் நீலம், தரையும் நீலம். வானத்து நீலமும் இல்லை, கடல் நீலமும் இல்லை. கண்ணைக் குத்துகிற முரட்டு நீலம். இரண்டு நிமிஷம் நின்றால் கால் எதன்மேல் ஊன்றியிருக்கிறது என்பதே சந்தேகமாகிவிடும். நடுவில் சாக்பீஸால் ஒரு மனித உருவம் வரைந்திருந்தார்கள். பக்கத்தில், விளக்கு ஸ்டாண்டுகள் சாயாமல் இருக்க வைக்கும் இரும்பு எடைக்கற்கள். அதில் ஒன்றின் விளிம்பில் ஏதோ கறுப்பாகக் காய்ந்திருந்தது.

"முதலாளி," என்றார் மாமா, குரலைத் தாழ்த்தி. "இங்க தடுக்கி விழுந்தா, விழுந்துட்டோமான்னு பக்கத்துல யாரையாவது கேட்டுத்தான் தெரிஞ்சுக்கணும்."

மாமா என் அம்மாவின் தம்பி. முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். ஓய்வு பெற்ற மறுநாள் என் ஆபீஸ் நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், இன்னும் எழுந்திருக்கவில்லை. துப்பறிவது நான். உதவி அவர். நான் கேட்காதபோதும் உதவுவார்.

"ஜோக்கை வெளியில போய் அடிங்க மாமா. செத்தவன் இங்கதான் கிடந்தான்."

"அதான் அடிக்கிறேன். சும்மா இருந்தா இந்தச் சுவர் என்னை முழுங்கிடும் போலிருக்கு."

அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் முதுகில் யாரோ நிற்பது போலவே இருந்தது. திரும்பிப் பார்த்தால் நீலம்தான்.

விஷயம் இதுதான். போன வாரம் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவில், இந்த ஸ்டூடியோவில் எடுக்கிற சினிமாவின் கோ-டைரக்டரை யாரோ நெஞ்சில் கைவைத்துத் தள்ளியிருக்கிறார்கள். பின்மண்டை எடைக்கல்லில். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் ஆட்கள் பார்த்தார்கள். அவருடைய வெள்ளைச் சட்டையில் இரண்டு உள்ளங்கை அச்சு. நீல நிறத்தில்.

நீலம் என்றதும் போலீசுக்கு வேலை முடிந்துவிட்டது. இந்தச் சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறவன் ஒருத்தன்தான். ஸ்டூடியோவில் அவன் பெயரே 'நீலம்'. புதன்கிழமை சாயங்காலமே வீட்டுக்குப் போய் அவனை அள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். எட்டு நாளாக உள்ளே இருக்கிறான். வாயே திறக்கவில்லை.

அவனுடைய அக்காதான் என்னைத் தேடி வந்தவர். இதே ஸ்டூடியோவில் நடிகர்களின் உடுப்புகளைத் துவைத்துத் தேய்த்துக் கொடுக்கிற வேலை. எல்லாருக்கும் இஸ்திரி அக்கா. "என் தம்பி அன்னைக்கு இங்க இல்லவே இல்லை மேடம். கலங்கரை விளக்கத்துல இருந்தான். அதுக்குப் படமே இருக்கு," என்றார்.

படம் இருந்தது நிஜம். அன்று கேமராமேனுக்குக் காய்ச்சல். ஐந்து மணி நேர பஸ் தூரத்தில், யாரும் போகாத ஒரு பழைய கலங்கரை விளக்கம். அங்கே சூரியன் மறைவதைப் படமெடுத்து வர வேண்டும். பிற்பாடு கதாநாயகனை அந்தப் படத்தின் முன்னால் ஒட்டிக்கொள்வார்கள். 'ஸ்டாண்டுல கேமராவை நிறுத்து, பட்டனை அமுக்கு, உயரம் தெரியறதுக்கு நீயே முன்னால போய் நில்லு' என்று நீலத்தைத் தனியாக அனுப்பியிருக்கிறார்கள். அவனும் நின்றிருக்கிறான். அவனுக்குப் பின்னால் கடலில் ஒரு சிவப்புச் சரக்குக் கப்பல், ஒருபக்கமாகச் சாய்ந்து. அன்று மத்தியானம் மணலில் தட்டி நின்ற கப்பல் அது. அன்று ராத்திரியே அலை ஏறி விலகிப் போய்விட்டது. பேப்பரில் எல்லாம் வந்தது. அன்றைய தேதியைப் படத்திலேயே எழுதி வைத்த மாதிரி.

இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா?

வேண்டும் என்றது போலீஸ். "கப்பல் நிஜம். ஆளு ஒட்டு," என்றார் இன்ஸ்பெக்டர் என்னிடம். "செய்தியில வந்த கப்பலை எடுத்து, இங்க நீலச் சுவர் முன்னால நின்னு தன்னை ஒட்டிக்கிட்டான். காதோரம் பாருங்க, நீலக் கோடு. எனக்கே தெரியுது." சொன்னது அவர் மட்டுமில்லை. ஸ்டூடியோவில் இந்த ஒட்டு வேலைக்கெல்லாம் தலைவரான மாஸ்டரே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தார்.

நாளைக்குக் காலை பதினோரு மணிக்கு ஜாமீன் மனு. மாஸ்டரின் கையெழுத்து நின்றால் நீலம் வெளியே வரமாட்டான். அதற்கப்புறம் அவனுக்காகப் பேச யாரும் வரமாட்டார்கள்.

இஸ்திரி அக்கா வெளியே நடையில் ஒரு மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் கடந்து போனபோது எழுந்து நின்றார்.

மாஸ்டரின் அறை நடையின் கடைசியில். ஒரு பக்கம் உடுப்பு அறை, எதிரே நீல அறையின் கதவு. உள்ளே ஜன்னல் கிடையாது. மூன்று கம்ப்யூட்டர் திரைகளின் வெளிச்சத்தில் மாஸ்டரின் முகம் மட்டும் தெரிந்தது. ஐம்பது வயசு. கழுத்தில் பெரிய ஹெட்போன். எழுந்து மாமாவுக்குக் கை கொடுத்தார்.

"வாங்க சார். உங்களப் பத்திக் கேள்விப்பட்டிருக்கேன். இவங்க உங்க அசிஸ்டெண்டா?"

"ஆமா சார்," என்றார் மாமா. "ஆனா சம்பளம் அவங்கதான் எனக்குத் தர்றதா பேச்சு. இன்னும் பேச்சாவே இருக்கு."

"துப்பறியறது நான்," என்றேன். "அவருக்குக் கை கொடுத்தது கொடுத்ததா இருக்கட்டும். படத்தைப் போடுங்க."

மாஸ்டர் சிரிக்கவில்லை. திரையில் படம் வந்தது. ஆரஞ்சு வானம், சாம்பல் கடல், சாய்ந்த கப்பல். முன்னால் ஒல்லியாக ஒருத்தன், கையைக் கட்டிக்கொண்டு, யாரோ திட்டப் போகிறார்கள் என்பது போல நின்றிருந்தான். காற்றில் தலைமுடி பறந்தது. மாஸ்டர் காதைப் பெரிதாக்கினார். காதின் விளிம்பில், தலையைச் சுற்றி, தோளோடு இறங்கி ஒரு மெல்லிய நீலக் கோடு. அசிங்கமாகத் தெரிந்தது.

"இது எப்படி வரும்?"

"எங்க வேலையைப் பத்தி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?"

"சுத்தமாத் தெரியாது. என் மாமாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

"அப்ப படம் வரைஞ்சுதான் காட்டணும்," என்றார் மாமா.

மாஸ்டர் நாற்காலியைத் திருப்பினார். "ஆளை நீலச் சுவர் முன்னால நிறுத்திப் படம் எடுக்கிறோம். எங்கெல்லாம் நீலமோ அங்கெல்லாம் ஓட்டை போடுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்றோம். ஓட்டை வழியா நாங்க வைக்கிற வேற படம் தெரியும். கடலோ, மலையோ, நரகமோ. அவ்வளவுதான்."

"நீலம் எதுக்கு? சிவப்புல சுவர் அடிக்கக் கூடாதா?"

"மனுஷன் தோல்ல சிவப்பு இருக்கு. கன்னத்துல ஓட்டை விழும். நீலம்தான் தோல்ல ரொம்பக் கம்மி." ஒரு பொத்தானைத் தட்டினார். திரையில் இப்போது வேறு ஒரு நடிகனின் உருவம், முகம் மூக்கு எதுவும் இல்லாமல், கறுப்புக்கு நடுவில் வெள்ளை நிழலாக. "இதுக்கு மேட்னு பேரு. வெள்ளை இருக்கிற இடத்துல ஆளு இருப்பான். கறுப்பு இருக்கிற இடம் ஓட்டை. அந்தக் காலத்துல கண்ணாடியில கறுப்புப் பெயின்ட் அடிச்சு, பாதிப் படத்தை மறைச்சு, அதே ஃபிலிமை ரெண்டு தடவை ஓட்டி எடுப்பாங்க. இப்ப கம்ப்யூட்டர் மறைக்குது. மறைக்கிற வேலை மாறலை."

"கோடு?"

"சுவர் மேல விழற வெளிச்சம் திரும்பி ஆள் மேல அடிக்கும். காதோரம், முடியோரம் நீலம் ஒட்டிக்கும். தொழில் தெரிஞ்சவன் அதைத் துடைச்சுடுவான். தெரியாதவன் செஞ்சா இப்படித்தான் நிக்கும்."

"நீலத்துக்குத் தொழில் தெரியுமா?"

"பெயின்ட் அடிக்கிறவன்மா அவன்," என்றார் மாஸ்டர். அந்த 'மா' எனக்குப் பிடிக்கவில்லை. "ராத்திரி எல்லாரும் போனப்புறம் மெஷின்ல உக்காந்து பார்த்திருப்பான். அரைகுறையா வந்திருக்கு."

"நேர்ல காட்டுங்க. மாமா, போய் நில்லுங்க."

"செத்தவன் விழுந்த இடத்துலயா?"

"பக்கத்துல."

மாமா முணுமுணுத்துக்கொண்டே எதிர்க்கதவைத் திறந்து போனார். மாஸ்டர் நீல அறையின் விளக்குகளை இங்கிருந்தே போட்டார். இரண்டாவது திரையில் மாமா தெரிந்தார், நாலு பக்கமும் நீலத்தோடு. மாஸ்டரின் விரல் இரண்டு முறை தட்டியது. நீலம் போய்விட்டது. மாமா மேகத்துக்கு மேலே நின்றார்.

கூடவே இன்னொன்றும் நடந்தது. மாமாவின் கழுத்தைக் காணோம்.

கண்டக்டர் வேலையில் வந்த பழக்கம், காலருக்குள் கைக்குட்டை சுற்றிக்கொள்வார். இன்றைக்கு நீலக் கைக்குட்டை. கைக்குட்டை இருந்த இடத்தில் மேகம் ஓடியது. அதற்கு மேலே தலை தனியாக, பிழைப்புத் தேடிக் கிளம்பின மாதிரி மிதந்தது.

"மாமா, உங்க தலை தனியா நிக்குது!"

"அது கல்யாணம் ஆனதுலேர்ந்தே அப்படித்தான்!" குரல் சுவர் தாண்டி வந்தது.

நான் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தினேன்.

முதல் திரையில் நீலம் இன்னும் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான்.

"இதைப் பெரிசு பண்ணுங்க," என்றேன்.

"காதா?"

"காது இல்லை. சட்டை."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். பிறகு பெரிதாக்கினார். ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்த சட்டை. நெஞ்சில், கையில், காலரில், சட்டைப் பையின் ஓரத்தில், மழைத்தூறல் பட்ட மாதிரி சின்னச் சின்னப் புள்ளிகள். நாற்பதுக்குக் குறையாது. சில புள்ளி மிளகு அளவு. ஒன்று மட்டும் கட்டைவிரல் அகலத்துக்கு இழுபட்டிருந்தது.

"இது என்ன?"

"கறை."

"என்ன கறை?"

அவர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார்.

"பெயின்ட் கறை. எந்தப் பெயின்ட்? இவன் அடிக்கிறது ஒரே பெயின்ட்தானே. எதிர்ச் சுவர்ல இருக்கிற அதே நீலம்." நான் திரைக்குப் பக்கத்தில் போனேன். "இவன் அந்தச் சுவர் முன்னால நின்னு எடுத்திருந்தா, ஒவ்வொரு கறையும் ஒவ்வொரு ஓட்டை. நாப்பது ஓட்டை வழியாவும் கடல் தெரியணும். சட்டைப் பைக்குள்ள கப்பல் தெரியணும். எங்க மாஸ்டர் கடல்?"

கதவைத் தள்ளிக்கொண்டு மாமா வந்தார், கைக்குட்டையை அவிழ்த்தபடி. என் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு சுவரோரம் நின்றார்.

"கையால அடைச்சிருக்கலாம்," என்றார் மாஸ்டர் மெதுவாக. "ஒவ்வொரு புள்ளிக்கும் தனியா மறைப்பு வரைஞ்சு, ஒவ்வொரு ஃபிரேமா..."

"மூச்சு விடறான். சட்டை ஏறி இறங்குது. காத்துல படபடக்குது. அத்தனையிலும் நாப்பது புள்ளியையும் பிசிறில்லாம அடைக்கத் தெரிஞ்சவன், காதோரம் இவ்வளவு பெரிய கோட்டை விட்டுட்டுப் போவானா?"

மாஸ்டரின் விரல் பொத்தானிலிருந்து விலகியது.

"இது ஒட்டு இல்லை. அவன் நிஜமா அங்க நின்னான். நிஜப் படத்தைச் சுத்தி யாரோ கோடு போட்டிருக்காங்க, பொய்யாத் தெரியறதுக்காக. தொழில் தெரியாதவன் செஞ்ச மாதிரி செய்யறதுக்குத் தொழில் ரொம்ப நல்லாத் தெரியணும். அப்படிப்பட்ட ஆளு இந்தக் கட்டடத்துல ஒருத்தர்தான்."

எட்டு நாளாக இன்ஸ்பெக்டர் இந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார். அரசு வக்கீல் பார்த்திருக்கிறார். எல்லாரும் காதையே பார்த்தார்கள். பெயின்டரின் சட்டையில் அழுக்கு இருக்கும், அதில் போய்ப் பார்க்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். கோடு போட்டவரும் அப்படித்தான் விட்டிருக்கிறார். எனக்குக் கோபத்தில் காது சுட்டது.

மாஸ்டர் எழுந்தார். மெல்ல நடந்து எங்களைக் கடந்து கதவுக்குப் போனார். சாத்தினார். சாவியைத் திருப்பினார்.

க்ளக்.

மாமா சுவரிலிருந்து விலகி எனக்கு முன்னால் வந்து நின்றார். அறுபது வயசு, ஒரு கையில் கைக்குட்டை. "சார்," என்றார், சிரிப்பே இல்லாமல். "கதவைத் திறங்க. நான் இறங்கச் சொன்னா எப்பேர்ப்பட்டவனும் இறங்கியிருக்கான்."

மாஸ்டர் கதவைப் பார்த்தபடியே நின்றார். எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது.

"இந்தச் சத்தம் கேட்டுச்சா?" என்றார்.

சாவியைத் தொட்டுக் காட்டினார்.

"இதே பூட்டுதான் எல்லா ரூமுக்கும். பக்கத்து ரூம்ல இந்தச் சத்தம் நாலு மாசமாக் கேட்டேன். சாயங்காலம் ஆனா, கோ-டைரக்டர் உடுப்பு அறைக்குப் போவார். உள்ள வேலை செய்யறவங்க இருப்பாங்க. க்ளக்." சாவியைத் திருப்பித் திறந்தார். கதவு இடுக்கு விட்டது. "நான் ஹெட்போனை மாட்டிக்குவேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உட்கார இடம் தேடினேன்.

"கோ-டைரக்டரைத் தள்ளினது நீங்களா?" மாமாதான் கேட்டார்.

"அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் இருந்தா நாலு மாசம் ஆகியிருக்காது சார்." மாஸ்டர் நாற்காலியில் வந்து விழுந்தார். "புதன்கிழமை காலையில நீலம் பஸ்லேர்ந்து இறங்கி நேரா இங்க வந்து படத்தைக் குடுத்தான். டைரக்டர் ஒன்பது மணிக்குப் பார்த்துட்டுக் கப்பலோட கிடைச்சுதேன்னு குதிச்சார். பத்து மணிக்குப் பிணத்தைப் பார்த்தாங்க. நீலம் வீட்டுக்கு ஓடினான். மத்தியானம் திரும்பி வந்தான். அந்த நாற்காலியிலதான் உக்காந்தான். 'சார், நான் அங்க போகலைன்னு ஆக்கிடுங்க'ன்னான்."

"அவனேவா?"

"அழிச்சுடுங்கன்னுதான் முதல்ல கேட்டான். டைரக்டர் பார்த்தாச்சே, எப்படி அழிக்கிறது? அப்ப பொய்யாக்கிடுங்கன்னான். உன்னைத் தூக்குல போடுவாங்கடான்னேன். 'நான் அங்க இருந்தேன்னு ஆச்சுன்னா, இங்க இருந்தது யாருன்னு தேடுவாங்க சார்'னு சொன்னான். எனக்கு அதுக்கு மேல கேக்கத் தேவைப்படலை. ரெண்டு மணி நேர வேலை. உக்காந்து செஞ்சு குடுத்தேன். அவங்களுக்காக நான் செஞ்ச ஒரே காரியம் அதுதான்." கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தார். "அவன் சட்டையை நான் பார்த்ததே இல்லை. ஆறு வருஷமா எதிர்ல வந்து போயிட்டிருக்கான்."

"கோடு போடாத படம்?"

மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பென்டிரைவை எடுத்து வைத்தார்.

"நீங்க காப்பாத்த வந்தது யாரைன்னு எனக்குத் தெரியாது," என்றார். "இதை எடுத்துக்கிறதுக்கு முன்னால வெளியில உக்காந்திருக்கிறவங்களை ஒரு வார்த்தை கேட்டுட்டு வாங்க."

நான் அதை எடுத்துக்கொண்டு நடைக்கு வந்தேன். மாமா பின்னால் வந்தார்.

இஸ்திரி அக்கா இந்தத் தடவை எழுந்திருக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"படம் நிஜம்தான் அக்கா. நிரூபிச்சுடலாம்."

கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார். "நாளைக்கு விட்டுடுவாங்களா அவனை?"

"விடுவாங்க. ஆனா..."

"ஆனா வேண்டாம் மேடம். எனக்குத் தெரியும்." கையை நீட்டினார். "அந்த போட்டோவைக் குடுங்க. அவர் சட்டையோட போட்டோ. உங்க பையில வெச்சிருக்கீங்களே."

போலீஸ் எடுத்த போட்டோ, நிஜ அளவில் பெரிதாகப் போட்டு வாங்கி வைத்திருந்தேன். வெள்ளைச் சட்டையில் இரண்டு நீல உள்ளங்கைகள். பெயின்ட் வழிந்து ரேகை எதுவும் தேறவில்லை என்று எழுதியிருந்தார்கள். கை எவ்வளவு பெரியது என்று யாரும் அளக்கவில்லை. அதைப் பையிலேயே சுமந்துகொண்டு திரிந்த நானும் அளக்கவில்லை.

அக்கா போட்டோவை மடியில் விரித்து, வலது கையை மெதுவாக அதன்மேல் வைத்தார். விரலுக்கு விரல். அப்புறம் இடது கை. நீலம் ஒரு துளிகூட வெளியே தெரியவில்லை.

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அன்னைக்குக் கதவை அவர் பூட்டறதுக்குள்ள ஓடிட்டேன்," என்றார் அக்கா. சாப்பாடு ஆச்சா என்று கேட்கிற குரல்தான். "எதிர்ல அந்த ரூம். உள்ள சுவர் எங்க, தரை எங்கன்னு தெரியலை. விழுந்தேன். தம்பி காலையில அவசரத்துல மூடாம விட்டுட்டுப் போன பெயின்ட் டப்பா. கையெல்லாம் நீலம். எழுந்தா எதிர்ல நிக்கிறார். தள்ளினேன். அவ்வளவுதான் மேடம். விழுந்தவர் எழுந்திருப்பார், எழுந்து வருவார்னுதான் திரும்பிப் பார்க்காம ஓடினேன்."

"தம்பிக்கு யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. புதன்கிழமை வீட்டுக்கு வந்தான். என் நகக்கண்ணைப் பார்த்தான். வேற யாருக்கும் அது பேனா மை. அவனுக்கு அந்த நீலம் தெரியாதா? மண்ணெண்ணெய் ஊத்தி என் கையைக் கழுவிவிட்டான். நான் அழுதேன். அவன் அழலை. போயிட்டான்."

"இதை என்கிட்ட முதல்லயே சொல்லியிருக்கலாமே!" கத்திவிட்டேன். நடை முழுக்க எதிரொலித்தது.

"போலீஸ்கிட்ட சொன்னேன் மேடம். நான்தான் செஞ்சேன்னு ரெண்டு தடவை போய்ச் சொன்னேன். முதல் தடவை, தம்பி மேல இவ்வளவு பாசமான்னு தண்ணி குடுத்து அனுப்பினாங்க. ரெண்டாவது தடவை, இப்படிக் குழப்பினா உள்ள போட்டுடுவேன்னாங்க. போடுங்கன்னேன். போடலை." சிரித்த மாதிரி உதடு இழுபட்டது. "அவன் அங்க இருந்தது பொய்னு இருக்கிற வரைக்கும் நான் சொல்றது நாடகம். அவன் படம் நிஜம்னு ஆனாத்தான் என் வார்த்தை நிஜம்னு ஆகும். அதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன்."

இத்தனை வழக்கு பார்த்திருக்கிறேன். என்னை உள்ளே போட வழி பண்ணிக் கொடு என்று ஒருத்தரும் வந்ததில்லை. பென்டிரைவை உள்ளங்கையில் திருப்பிப் பார்த்தேன். இதை நான் கொடுத்தால் ஒருத்தன் வெளியே வருவான், இன்னொருத்தர் உள்ளே போவார். கொடுக்காவிட்டால் அவன் வரவே மாட்டான். இரண்டுக்கும் காரணமானவன் சாக்பீஸ் கோட்டுக்குள் நிம்மதியாகக் கிடந்துவிட்டுப் போய்விட்டான்.

"மா," என்றார் மாமா என்னிடம். முதலாளி என்று கூப்பிடவில்லை. "தற்காப்புக்குத் தள்ளினதுன்னு நிரூபிக்க முடியாதா?"

"யாரை வெச்சு மாமா? உள்ள ரெண்டே பேர். ஒருத்தன் செத்துட்டான். தம்பிக்காகப் பொய் சொல்றாங்கன்னு ஏற்கனவே முத்திரை குத்திட்டாங்க. நாலு மாசமா அந்தக் கதவு பூட்டினதைக் கேட்ட ஆளு ஒருத்தர் வேணும்."

சொல்லிக்கொண்டே திரும்பினேன். மாஸ்டர் தன் அறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை.

"நாளைக்குக் கோர்ட்டுக்கு வரணும்," என்றேன். "கோடு போட்டதைச் சொல்லணும். அதோட அந்தச் சத்தத்தையும் சொல்லணும்."

"நான் எதையும் பார்க்கலையே," என்றார்.

"பார்த்ததைக் கேக்கலை."

"கோடு போட்டது நான்னு சொன்னா என்னையும் உள்ள போடுவாங்க. வேலை போகும். அதுவும் போகட்டும். நாலு மாசம் கேட்டுக்கிட்டு சும்மா இருந்தியான்னு வக்கீல் கேட்பாரே. எல்லார் முன்னாலயும் கேட்பாரே."

"கேட்கட்டும்," என்றேன். "கேட்க வேண்டிய கேள்விதானே."

தலையை ஆட்டினார், முடியாது என்பது போல. கை தானாகக் கழுத்திலிருந்த ஹெட்போனைத் தொட்டது. உள்ளே திரும்பப் போனார்.

"சார்," என்றார் இஸ்திரி அக்கா.

நின்றார்.

அக்கா எழுந்து அவர் பக்கத்தில் போனார். ஆறு வருஷம் ஒரே நடையில் வேலை செய்த இரண்டு பேர். இதுவரை துணி எண்ணிக்கை தவிர வேறு எதுவும் பேசியிருப்பார்களா, தெரியாது.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரியணும் சார். ராத்திரியெல்லாம் யோசிச்சுப் பார்க்கிறேன், ஞாபகம் வரலை. நான் கத்தினேனா? இல்ல, சும்மா இருந்துட்டேனா?"

மாஸ்டர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"உங்களுக்குப் பாட்டுச் சத்தத்துல கேட்டிருக்காது," என்றார் அக்கா. "தெரியும். இருந்தாலும் கேக்கிறேன்."

எதிரே நீல அறையின் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அணைக்க மறந்துவிட்டிருந்தார்.

"பாட்டு எதுவும் ஓடலை," என்றார் மாஸ்டர். "சும்மா மாட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். கத்தினீங்க. ஒவ்வொரு தடவையும் கத்தினீங்க."

அக்காவின் தோள் இறங்கியது. என்னிடம் வந்த நாளிலிருந்து அந்தத் தோள் அப்படி இறங்கி நான் பார்க்கவில்லை. முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்தார்.

"அதை அங்க வந்து சொல்லுங்க சார்," என்றார். "நான் சொன்னா நம்ப மாட்டாங்க."

மாஸ்டர் ஹெட்போனைக் கழற்றினார். எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு எத்தனை மணிக்குன்னு சொன்னீங்க?"